எட்டுக் கிலோ கல்லுப்பு

ஜூன் 24, திங்கள்

மேல் போர்ஷனுக்கு ஆள் கிடைத்துவிட்டார்கள். கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை. ஆடி பிறந்துவிட்டால் குடி வர முடியாது, அதனால் ஜூலை 15 திங்கட்கிழமை விடிகாலையில் பால் காய்ச்சிவிடுகிறோம் என்றார்கள். அதற்குள் மேலே அட்டாலிப் பரணில் கிடக்கும் சாமான்களை இறக்கியாக வேண்டும்.

ஓசூரில் இருக்கும் மகள் சிந்துஜாவுக்கு ஃபோனில் சொன்னேன். அம்மாவின் மலை சாமான்களை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். முப்பத்து நாலு வருஷம் குடிநீர் வாரியத்தில் குப்பை கொட்டியவனுக்குப் 'பார்க்கலாம்' என்பதே ஒரு உத்தரவு.

தொட்டி 6.10க்கு நிரம்பியது. பிரஷர் மாத்திரை போட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

இறக்கினேன். கூடாரம் ஒன்று. ஸ்லீப்பிங் பேக் இரண்டு. மழைக்கோட்டு இரண்டு. ஊன்றி நடக்கும் கம்பு நான்கு. நெற்றியில் கட்டும் டார்ச் இரண்டு. குட்டி கேஸ் அடுப்பு ஒன்று. முதுகுப் பை இரண்டு. பூட்ஸ் இரண்டு ஜோடி, அட்டைப் பெட்டியோடு. பாதிச் சாமானில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

எல்லாம் 2017 டிசம்பரில் ஒரே நாளில் வாங்கியது. சாந்தாமணி பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். இருபத்தொன்பது வருஷம் கரும்பலகையில் இமயமலையைச் சாக்பீஸால் வரைந்தவள். நேரில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து வரைந்தால்தான் மனசு ஒப்பும் என்பாள். வடக்கே பூக்களின் பள்ளத்தாக்கு என்று ஒரு இடம். ஜூலை, ஆகஸ்டில் மட்டும்தான் பூக்கும். மூன்று நாள் நடக்க வேண்டும். போகவில்லை.

அவள் போய் இது பதினோராவது மாசம்.

என் பூட்ஸைத் திறந்து பார்த்தேன். கடையில் இருந்த மாதிரியே இருக்கிறது. அவளுடைய பெட்டியைத் திறக்கவில்லை. பக்கவாட்டில் 6 என்று நம்பர் போட்டிருந்தது, அது போதும்.

ஜூன் 28, வெள்ளி

முதுகுப் பையில் ஒன்று காற்றாக இருந்தது. இன்னொன்று இறக்கும்போதே கையை இழுத்தது, இன்றைக்குத்தான் பிரித்தேன். உள்ளே ஒரு கிலோ கல்லுப்புப் பாக்கெட் எட்டு, துண்டில் சுற்றி அடுக்கியிருந்தது. நாலு பாக்கெட்டில் பேனாவால் 'அவர்' என்று அவள் எழுத்து.

கொஞ்ச நேரம் யோசித்தேன். டாக்டர் எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். என் செலவு எவ்வளவு என்று பார்க்கத் தனியாகப் பிரித்து வைத்திருப்பாள். அதை ஏன் மலைப் பையில் வைத்தாள் என்பது தெரியவில்லை. சமையல்கட்டில் இடம் இல்லாமல் இருக்கும்.

ஒற்றை ஆளுக்கு எட்டுக் கிலோ எதற்கு? வீட்டு வேலைக்கு வரும் பாப்பாத்தியிடம், பேர் எழுதாத நாலையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினேன். அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக உப்பை வீட்டைவிட்டு அனுப்புவார்களா, கையில் வேறு கொடுக்கிறீர்களே, கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். இனிமேல் யாரோடு சண்டை வரப்போகிறது என்று கேட்கவில்லை.

'அவர்' பாக்கெட் ஒன்றைப் பிரித்து ஜாடியில் கொட்டினேன். ரசத்துக்குப் போட்டேன்.

ஜூன் 29, சனி

நாலு பாக்கெட்டையும் தரையில் வைத்தேன். பாப்பாத்தி எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 30, ஞாயிறு

ஒன்பதரைக்கு எழுந்தேன். ஞாயிறு என்றால் எப்போதும் அப்படித்தான். அவள் இருந்தபோது விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மருதமலை போய்விடுவாள். வடவள்ளியில் வீடு இருந்தால் அது ஒரு சௌகரியம். நான் எழும்போது மேசைமேல் விபூதிப் பொட்டலமும் இட்லியும் இருக்கும். மேலே வரைக்கும் பஸ் போகிறது, அவளுக்குச் சிரமம் இல்லை.

சாமான்கள் விஷயம்: ஒத்திவைக்கப்பட்டது.

ஜூலை 3, புதன்

சிந்துஜா மறுபடியும் கூப்பிட்டாள். ஏதோ மலையேற்ற சங்கமாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், பழைய சாமான்களை வந்து எடுத்துக்கொள்வார்களாம். 15ஆம் தேதி பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்றால் நான்தான் அவர்களிடம் சொல்ல வேண்டுமாம். என் சுபாவம் தெரிந்து தேதியையும் அவளே குறித்துவிட்டாள்.

வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கூடாரத்தை ஹாலில் விரித்துப் பார்த்தேன். கம்பி செருகத் தெரியவில்லை. மடித்து வைக்கவும் தெரியவில்லை. அப்படியே கிடக்கிறது. சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஜூலை 6, சனி

நஸ்ரின் வந்திருந்தாள். சாந்தாமணியிடம் படித்த பெண். இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஐ.சி.யூவில். காரியத்தன்று மூலையில் நின்று அழுதுகொண்டே இருந்தது நினைவிருக்கிறது. அடுத்த வாரம் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகிறாளாம். மிஸ் சொல்லித்தான் அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியும் என்றாள்.

சிந்துஜாதான் பூட்ஸைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். நஸ்ரினுக்கும் ஆறாம் நம்பர். பெட்டியைத் திறக்காமலே கொடுத்தேன். ரெண்டு கம்பும் கொடுத்தேன். புத்தம் புதுசு, ஒரு நாள்கூடப் போடவில்லை என்றேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, மிஸ் ஏன் சார் கடைசி வரைக்கும் போகவே இல்லை என்று கேட்டாள்.

மூட்டுவலி என்றேன். யாருக்கு என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

சங்கத்துக்காரர்களுக்குக் கொடுக்கும் முன் பைகளின் அறைகளைச் சோதித்தேன். உப்பு இருந்த அவளுடைய பையின் மேல் அறையில் ரயில் டிக்கெட் பிரிண்ட். அவிநாசியப்பன், ஆண், 60. சாந்தாமணி, பெண், 56. 2023 ஜூலை 22. அதை நான்தான் ரத்து செய்தேன்.

கோப்பு என்றால் முழுசாக இருக்க வேண்டும். எழுதி வைக்கிறேன்.

2018: ஆடிட் என்றேன். 2019: சித்தப்பா மகன் வீட்டில் காதுகுத்து என்றேன். ஆடி மாசத்தில் எவன் காது குத்துகிறான் என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 2020: ஊரடங்கு. இது என் தலையில் வராது. 2021: ரெண்டாவது ஊசி. 2022: பென்ஷன் பேப்பர். 2023: வடக்கே மழை அதிகம் என்று டிவியில் சொல்கிறான் என்றேன்.

அந்த வருஷம் தனியாகவாவது போய்வரட்டுமா என்று கேட்டாள். அது எப்படி என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. நாங்கள் சண்டை போட்டதே இல்லை.

ஆகஸ்ட் 2ஆம் தேதி அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு. எட்டாம் தேதி எல்லாம் முடிந்தது.

தொட்டி நிரம்ப இன்று 6.25 வரை ஆனது. வால்வைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

வால்வு மாற்றினேன்.

ஜூலை 11, வியாழன்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

என் பூட்ஸை வீணாக்குவானேன், காலையில் பால் வாங்கப் போகவாவது போடலாம் என்று மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பூத்துக்கு நூறடி முன்னால் இடது கால் வழுக்கியது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் முழுசாகக் கழன்று ரோட்டில் கிடக்கிறது. எடுத்தேன், டீயில் ஊறிய வறுக்கி பிஸ்கட் மாதிரி விரலில் உதிர்ந்தது. நாலடி வைப்பதற்குள் வலது காலும் போச்சு. காலுறையோடு போய்ப் பாலை வாங்கி, கையில் பாக்கெட்டும் பூட்ஸுமாக, பஸ் ஸ்டாப் பக்கம் செருப்புத் தைக்கும் ஆறுச்சாமியிடம் போனேன்.

அவர் விரலால் ஒரு சுரண்டு சுரண்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சும்மா பொட்டியில வெச்சிருந்தீங்களா? வெச்சா இப்படித்தானுங்க செத்துப் போகும். போட்டு நடந்துட்டே இருந்தா ஒண்ணும் ஆகாது."

பின்பாதி என் காதில் ஏறவில்லை. இதே கடை, இதே நாள், இதே கம்பெனி ஆறாம் நம்பர் ஜோடியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் பாறையிலும் பனியிலும் நடக்கப்போகிறாள். பதினோரு மாசமாக எனக்கு எதுவும் உறைக்காமல்தான் இருந்தது. இது உறைத்தது. புத்தம் புதுசு என்று நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

நஸ்ரினுக்கு ஒன்பது தடவை ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. ஐ.சி.யூ டியூட்டியில் ஃபோனை உள்ளே விடமாட்டார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்கு மூன்று மணி ரயிலில் சென்னை, அங்கிருந்து டெல்லி என்று சொல்லியிருந்தாள். ஒரு மணிக்கே ஸ்டேஷன் போய் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். எதற்கும் அவ்வளவு முன்கூட்டியே நான் போனதில்லை.

ரெண்டரைக்கு வந்தாள். பூட்ஸை எடு, போடாதே, உடைந்துவிடும் என்று நான் சொன்னது அவளுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆனது. பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். பெஞ்சில் வைத்து அடிப்பாகத்தை ரெண்டு கையாலும் வளைத்தேன். நகத்தால் கீறினேன். ஒன்றும் ஆகவில்லை. கல் மாதிரி இருந்தது.

அப்புறம்தான் பார்த்தேன். குதிகால் தேய்ந்திருந்தது. இடது பூட்ஸில் வெளிப்பக்கம் அதிகமாக. சாந்தாமணியின் செருப்பெல்லாம் அப்படித்தான் தேயும். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து எனக்குத் தெரிந்த தேய்மானம் அது.

"சார், இது புதுசு இல்ல," என்றாள் நஸ்ரின். "அன்னைக்கே வீட்ல போட்டுப் பாத்தேன். புதுசுன்னா கடிக்கும், இது நல்லாப் பழகியிருக்குது. நீங்க புதுசுன்னீங்க, நான் எதுக்குக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்." பர்ஸிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துக் கொடுத்தாள். வலது பூட்ஸின் நாக்கு மடிப்புக்குள் சிக்கிக் கிடந்ததாம். ஒரு பக்கம் 31, மறுபக்கம் வேல்.

மூட்டுவலிக்காரி பூட்ஸை இப்படித் தேய்க்க மாட்டாள் என்பது ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்காமல் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது.

"மூட்டுவலியெல்லாம் யாருக்கும் இல்ல கண்ணு," என்றேன். "நான்தான் வருஷா வருஷம் தட்டிக் கழிச்சேன். ஏற முடியாம நாலு பேர் முன்னாடி உக்காந்துருவேனோன்னு வெக்கம். தனியாப் போறேன்னா, அதுக்கும் விடல. போன வருஷம் டிக்கெட் இருந்துச்சு. போயிருந்தா அந்தக் கொசு கடிச்ச அன்னைக்கு அவ மலை மேல இருந்திருப்பா. கொசு இல்லாத எடத்துல."

ரயில் கிளம்பும் அறிவிப்பு வந்தது.  நஸ்ரின் போட்டிருந்த செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டி, முடிச்சை இரண்டு தடவை இறுக்கினாள். போய்ட்டு வர்றேன் சார் என்று ஏறிக்கொண்டாள்.

ஜூலை 12, வெள்ளி

சிந்துஜாவிடம் கேட்டேன். "ஸ்கூட்டர் டிக்கியில சேறோட கெடந்துச்சு. பதினாறாம் நாள் நான்தான் தொடச்சுப் பொட்டியில போட்டு மேல வெச்சேன். பையும் வண்டிக்குப் பக்கத்துல மாடிப்படிக்கு அடியில இருந்துச்சு, அதையும் மேல வெச்சேன்," என்றாள். "ஏம்ப்பா, அம்மா போட்டுட்டுப் போனது உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஐந்து மணிக்கு எழுந்தேன். மருதமலை அடிவாரத்திலிருந்து கோயில் பஸ்ஸில் மேலே போனேன். படி முடிகிற இடத்தில் செருப்பு வைக்கும் கொட்டகை. ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயசு இருக்கும். பின்னால் பலகையில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு வில்லை. முப்பது வரை வில்லைகள் கொடுத்தாகியிருந்தது, அடுத்த முப்பத்தொன்றாம் ஆணியும் மொட்டையாக இருந்தது.

வில்லையை நீட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது பூட்ஸு டீச்சருதுங்களே. நீங்க வீட்டுக்காரருங்களா?"

ஆமாம் என்றேன். அதற்கப்புறம் அவர்தான் பேசினார். ஆறு வருஷம், ஊரடங்கு நீங்கலாக ஒரு ஞாயிறு தப்பாதாம். பஸ்ஸில் வர மாட்டாளாம். இருட்டோடு படியேறி, பூட்ஸையும் பையையும் இங்கே வைத்துவிட்டு, சாமி கும்பிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு படியிலேயே இறங்குவாளாம். கடைசியாக வந்த அன்று வில்லையைக் காணோம் என்று தேடினாளாம். தெரிந்த முகம்தானே, அடுத்த வாரம் கொண்டு வாங்க என்று இவர் பூட்ஸைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"ஒரு நாளு அந்தப் பைய நகத்தி வெக்கலாம்னு பாத்தேன், அசைக்க முடியலீங்க. என்ன டீச்சர், கல்லையா சொமக்கறீங்கன்னேன். உப்பு, எட்டுக் கிலோன்னாங்க. பாதி என்னோட பாரம், பாதி அவரு பாரம். அவருக்கு முதுகு ஆகாது, அங்க போனா ரெண்டும் நான்தான் தூக்கோணும், இப்பவே பழகிக்கறேன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

எனக்கு முதுகில் ஒன்றும் இல்லை. ஒருகாலத்தில் அதையும் ஒரு காரணமாகச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. அவள் அதையும் நம்பி, அதற்கும் சேர்த்துத் தயாராகியிருக்கிறாள்.

"ரொம்ப நாளாக் காணமேன்னு இருந்தேன்," என்றார் அந்த அம்மா. "மலைக்குப் போயிட்டு வந்துட்டீங்களா ரெண்டு பேரும்?"

பார்க்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. பழக்கம் அப்படி.

"இல்லீங்க. நான் கூட்டிட்டுப் போகல. போன ஆகஸ்ட்ல தவறிட்டாங்க."

 அவர் வில்லையை முந்தானையால் துடைத்து, எழுந்து போய் முப்பத்தொன்றாம் ஆணியில் மாட்டினார். அடுத்து வந்தவர் செருப்பை நீட்டியதும் முப்பத்திரண்டை எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸுக்கு நிற்காமல் படியில் இறங்கினேன். இறங்குவது சுலபம் என்பார்கள். இல்லை.  நாலு இடத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இதற்காகவா ஆறு வருஷம். வெட்கமாக இருந்தது, அது ஏற முடியாததற்கான வெட்கம் இல்லை.

ஜூலை 15, திங்கள்

நாலே முக்காலுக்கு மேலே பால் காய்ச்ச வந்துவிட்டார்கள். அஞ்சு மணி சுமாருக்கு அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள். மஞ்சள், பருப்பு, அரிசி, குடத்தில் தண்ணீர் எல்லாம் எடுத்து வந்தவர்கள், முதலில் வீட்டுக்குள் போக வேண்டிய உப்பை மறந்துவிட்டார்கள். கடை திறக்க ஏழு மணியாகும். அதற்குள் நேரம் தவறிவிடும். வீட்டுக்காரரிடம் கேட்கலாமோ கூடாதோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். நீ போம்மா, கொண்டு வருகிறேன் என்றேன்.

சமையல்கட்டில் 'அவர்' பாக்கெட் மூன்று இருந்தன. நாலாவது ஜாடியில், அரைக்கால்வாசி குறைந்திருந்தது. அவளுடைய நாலையும் நான் பாப்பாத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். என்னுடைய நாலு கிலோவாவது கையில் மிச்சமிருக்கிறதே என்று தோன்றியது.

ஹாலில் கிடந்த அவள் பையை எடுத்தேன். மூன்று பாக்கெட்டையும் துண்டில் சுற்றி அவள் அடுக்கியது போலவே அடுக்கினேன். ஜாடியையும் மூடி இறுக்கி வைத்தேன். பையை முதுகில் மாட்டினேன். வார் அவள் அளவுக்கு இருந்தது, தோளைப் பிடித்தது. தளர்த்தவில்லை.

மாடிக்குப் பத்தொன்பது படி. வெளிப்பக்கப் படி, கைப்பிடி ஒரு பக்கம்தான். பாதியில் நின்று மூச்சு வாங்கினேன்.

கேட்ட ஒரு பாக்கெட்டுக்கு இந்தக் கிழவர் ஏன் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார் என்று அவர்கள் மூன்று பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள், குழந்தையும் சேர்த்து. நான் ஒரு பாக்கெட்டை எடுத்து, கையில் கொடுக்காமல், நிலைப்படிக்கு உள்ளே தரையில் வைத்தேன். அந்தப் பெண் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பால் பொங்கியது. ஒரு டம்ளர் எனக்கும் கொடுத்தார்கள். குடித்தேன்.

பத்து மணிக்குச் சங்கத்திலிருந்து வந்தார்கள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மழைக்கோட்டு, டார்ச், மீதி ரெண்டு கம்பு, அடுப்பு, என் பை எல்லாம் போய்விட்டது. கூடாரத்தை அவர்களே இரண்டு நிமிஷத்தில் மடித்துவிட்டார்கள். அந்த இன்னொரு பையும் கணக்கில் உண்டா சார் என்று ஒருவர் கேட்டார்.

அது இல்லை என்றேன். அப்போதும் அது என் முதுகில்தான் இருந்தது.